இறந்தவருக்கு ஒரு ஸ்வெட்டர்

வெளிநாட்டிலிருந்து ஊருக்குக் கிளம்புகிறவர்களிடம் பொட்டலம் கொடுத்துவிடுவது நம் ஜனங்களின் பிறப்புரிமை. சாக்லேட், சென்ட், மூட்டுவலித் தைலம் என்று எல்லாவற்றையும் சுமந்திருக்கிறேன். ஒரு தடவை யாரோ ஒருவரின் பல்செட்டைக்கூடக் கொண்டுவந்து சேர்த்தேன். ஆனால் இறந்துபோனவருக்கு ஸ்வெட்டர் கொண்டுபோனது அந்த ஐப்பசியில்தான்.

கொடுத்துவிட்டவள் பேச்சியம்மாள். அயர்லாந்தில் நானும் அவளும் ஒரே முதியோர் இல்லத்தில் நர்ஸ் வேலை பார்க்கிறோம். எனக்குச் சொந்த ஊர் பாலக்காட்டுக்குக் கிழக்கே பெருமாட்டி. அவளுக்கு இடுக்கியில், சூரியநெல்லிப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டம். இரண்டு பேரும் கேரளாக்காரிகள், இரண்டு பேர் வீட்டிலும் தமிழ். ஆனாலும் அவள் தமிழைக் கேட்டால் எனக்குச் சிரிப்பு வரும், என் தமிழைக் கேட்டால் அவளுக்கு.

அவள் அப்பா சுப்பையா அதற்கு முந்தைய வருட மழையில் காலமானார். அப்போதும் பேச்சிக்கு லீவு கிடைக்கவில்லை, இப்போதும் கிடைக்கவில்லை. அவர்கள் குடும்பத்தில் தீபாவளியன்று பொழுது சாயும்போது, செத்தவர்களுக்குப் புதுத்துணி வைத்துப் படையல் போடுவார்கள். முந்தைய தீபாவளி துக்கத்தில் போய்விட்டதால் அவருக்கு இதுதான் முதல் படையல். "எங்கப்பாவுக்கு எப்பவும் குளிரும்டி. வேட்டி, துண்டெல்லாம் சித்தப்பா வச்சிருவாக. நீ இத மட்டும் வச்சிரு" என்று சொல்லி, சாம்பல் நிறத்தில் கனமான கம்பளி ஸ்வெட்டர் ஒன்றை என் பெட்டிக்குள் அவளே மடித்து வைத்தாள்.

வேறு யாரிடமும் கொடுக்காமல் என்னிடம் கொடுத்ததற்குக் காரணம் உண்டு. எனக்குப் பேய்ப் பண்டிகை என்றால் உயிர். அக்டோபர் மாதக் கடைசி நாளில் அங்கே ஹாலோவீன் வரும். மரங்களில் இலை கொட்டி, சாயந்திரமே இருட்டி, காற்று ஊளையிடும் காலம். குழந்தைகள் வேஷம் போட்டுக்கொண்டு வீடு வீடாக மிட்டாய் கேட்பார்கள். கடையில் தொங்கும் பிளாஸ்டிக் எலும்புக்கூடுகளைப் பற்றி எனக்கு அக்கறை இல்லை. அதற்கெல்லாம் முந்திய வழக்கங்களில்தான் எனக்குப் பைத்தியம். அன்றைக்கு இறந்தவர்கள் வீடு திரும்புவார்கள் என்று கதவைத் தாழிடாமல் விட்டு, கணப்புப் பக்கத்தில் நாற்காலி போட்டு, ஒரு தட்டில் சாப்பாடும் வைத்துவிட்டுத் தூங்கப் போவார்களாம். பூசணிக்காய் வருவதற்கு முன்பு டர்னிப் கிழங்கைக் குடைந்து, முகம் செதுக்கி, உள்ளே விளக்கு ஏற்றுவார்களாம். ஒருமுறை நானும் செதுக்கிப் பார்த்தேன். பூசணிக்காய் சிரிக்கும். கிழங்கு சிரிக்கவே இல்லை, சுருங்கிப்போய் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. எனக்கு அதுதான் பிடித்திருந்தது.

பயப்படுவதில் ஒரு சுகம் இருக்கிறது. வெந்நீர்க் குளியல் மாதிரி, வேண்டும்போது இறங்கலாம், போதும் என்றால் எழுந்து துவட்டிக்கொள்ளலாம். அப்படித்தான் அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த வருடம் தீபாவளியும் ஹாலோவீனும் ஒரே நாளில் வந்தன. பேச்சி விஷயத்தைச் சொன்னதும் நான் துள்ளிக் குதிக்காத குறைதான்.

பெருமாட்டியில் என் அம்மாவுக்கு இந்தத் துள்ளல் எதுவும் பிடிபடவில்லை. "ஏங் கண்ணு, எத்தன வருசங் கழிச்சுத் தீவாளிக்கு ஊட்டுக்கு வந்திருக்கற. எண்ண தேச்சுக் குளிச்சுப்போட்டு நல்ல நாளும் அதுவுமா ஊட்டோட இருக்காம, செத்தவங்களுக்குத் துணி எடுத்துக்கிட்டு மலையேறோணுமா?" என்றார். அந்தப் பை வீட்டுப்படி ஏறக் கூடாது என்று உத்தரவாயிற்று. தென்னந்தோப்பில் தேங்காய் போட்டு வைக்கும் சாளையில்தான் நான் வீட்டிலிருந்த இரண்டு இரவும் ஸ்வெட்டர் தங்கியது. கிளம்பும்போது, தூக்குப்போசியில் அரிசிம்பருப்புச் சோறும், பையின் பக்கவாட்டுப் பாக்கெட்டில் எலுமிச்சம்பழமும் கொத்து வேப்பிலையும் இருந்தன. சோறு எனக்கு, மற்றவை ஸ்வெட்டருக்கு என்று புரிந்துகொண்டேன்.

பஸ்ஸில் பக்கத்து இருக்கையில் வந்து உட்கார்ந்தவர், கூடையில் மறையூர் வெல்லம் வைத்திருந்த ஒரு அம்மாள். கையில் ஒரு துண்டு கொடுத்துச் சாப்பிடச் சொன்னார். இஞ்சியும் ஏலமும் தட்டிப் போட்ட வெல்லம், நாக்கிலேயே நின்றது. மடியில் என்ன பொத்திப் பொத்தி வைத்திருக்கிறாய் என்று கேட்டார். எனக்கு வாய் சும்மா இருக்காது. உண்மையைச் சொன்னேன். அவர் கூடையைத் தூக்கிக்கொண்டு எழுந்து, மீதி மலையெல்லாம் கம்பியைப் பிடித்தபடி நின்றுகொண்டே வந்தார். காலி இடம் கிடைத்ததில் எனக்குச் சந்தோஷம்தான்.

சந்தோஷம் காட்டுக்குள் போகும் வரை. மழை பிடித்துக்கொண்டது. ஒரு வளைவில் மரம் விழுந்து வழியடைத்துக் கிடந்தது. பஸ் நின்றதும் நாலைந்து பேர் இறங்கப் போனார்கள். இறங்காதீர்கள், இப்போதுதான் ஒற்றை யானை ஒன்று இந்த இடத்தைக் கடந்து போயிருக்கிறது, சாணியில் ஆவி பறக்கிறது பாருங்கள் என்று கண்டக்டர் மலையாளத்தில் சொன்னார். பஸ்ஸுக்குள் பேச்சு சட்டென்று அடங்கியது. பெருமாட்டிப் பக்கம் எங்களுக்கு மிருகம் என்றால் காட்டுப்பன்றியும் மயிலும்தான். திட்டிக்கொண்டே விரட்டுவோம். இங்கே யாரும் திட்டவில்லை. மூங்கில் அசைந்தால்கூட மொத்த பஸ்ஸும் அந்தப் பக்கம் திரும்பியது. மரத்தை வெட்டிப் புரட்டுகிற வரை, என் பக்கத்து ஷட்டர் ஒழுகி ஸ்வெட்டர் பை முழுக்க நனைந்துகொண்டிருந்ததை நான் கவனிக்கவில்லை.

இறங்கின இடத்தில் வேலு சித்தப்பா ஜீப்போடு காத்திருந்தார். சுப்பையாவின் தம்பி, டூரிஸ்ட்டுகளுக்கு ஜீப் ஓட்டுகிறவர். பேச்சி அப்படிக் கூப்பிடுவதால் எனக்கும் சித்தப்பா. மூடுபனியில் முன்விளக்கு வெளிச்சம் பத்தடிக்கு மேல் போகவில்லை. அவரோ ஒரு கையால் ஸ்டியரிங்கும் ஒரு கையால் போனுமாக வந்தார். போனில் ஓயாமல் குரல்கள். எந்த யானை எந்தத் தோட்டத்தில் நிற்கிறது, எந்தப் பாதையில் வரக் கூடாது என்று ஊர்க்காரர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளும் வாட்ஸ்அப் குரூப். எல்லாக் குரலிலும் அடிக்கடி அடிபட்ட பெயர் ஒத்தக்கொம்பன். ஒரு கொம்பு முழுசு, இன்னொன்று பாதியில் ஒடிந்தது. அரிசி வாசனை பிடித்தால் சுவரைத் தள்ளிவிட்டு வருமாம். ரேஷன் கடையை உடைத்து இன்னும் ஒரு மாதம்கூட ஆகவில்லை.

நான் பேய்க்கதை ஏதாவது உண்டா என்று கேட்டேன். "இங்க பேய்க்கு யாரும்மா பயப்படுதா? பேயி வந்தா பேசி அனுப்பிரலாம்" என்றார் அவர்.

தோட்டத்துத் தொழிலாளர் வீடுகள் ஒரே சுவரில் வரிசையாக ஒட்டி நிற்கும். லயம் என்பார்கள். அதில் கடைசி வீடு பேச்சியுடையது, அதை ஒட்டினாற்போல் சித்தப்பாவின் வீடு. கடைசி வீட்டுக்குப் பின்னால் தேயிலைச் சரிவு, அதற்கப்பால் காடு. பின்கொல்லையில் ஒரு பெரிய விளக்கு எரிந்துகொண்டிருந்தது. யானைக்காக இரவு முழுவதும் எரிய வேண்டியது, அணைக்கவே மாட்டார்களாம்.

பேச்சியின் அம்மா இசக்கியம்மா இன்னும் கொழுந்து பறிக்கப் போகிறவர். ஒல்லியாக, நெற்றி வெறுமையாக, வார்த்தைகளைச் சிக்கனமாகச் செலவழிக்கிறவர். நனைந்த ஸ்வெட்டரைக் கொடுக்கையில் எனக்கு அழுகை வரும்போல இருந்தது. அவர் அதை வாங்கி மூக்கில் வைத்துப் பார்த்தார். பிறகு அடுப்புக்கு மேலே கட்டியிருந்த கயிற்றில் கையிரண்டையும் விரித்து, பக்குவமாகக் காயப்போட்டார். கயிற்றில் ஒரு ஆள் தொங்குகிற மாதிரி இருந்தது. அதன் அடியில் உட்கார்ந்துதான் வேகவைத்த கப்பைக்கிழங்கும் கருவாட்டுக் குழம்பும் சாப்பிட்டேன். நாலு வாய்க்கு ஒரு தடவை மேலே பார்த்துக்கொண்டேன்.

அந்த அடுப்பங்கரையில்தான் சுப்பையா போனது. பேச்சி சொல்லியிருக்கிறாள். மழை நாளில் குளிர் காய உட்கார்ந்தவர் உட்கார்ந்தபடியே போய்விட்டார். அந்த நேரம் இசக்கியம்மா ரேஷன் கடை வரிசையில் நின்றுகொண்டிருந்தார். வந்து பார்க்கும்போது அடுப்பில் தணல் இருந்தது.

சாப்பிட்டபின் பால் விடாத கட்டன் சாயாவோடு உட்கார்ந்தோம். அங்கேயும் செத்தவர்களுக்கு இப்படிச் சோறு வைப்பது உண்டாமே, பேச்சி சொன்னாள் என்று இசக்கியம்மாவே ஆரம்பித்தார். கேட்க வேண்டுமா? நான் மடை திறந்துவிட்டேன். தாழிடாத கதவு, தட்டு, நாற்காலி, கிழங்கு விளக்கு எல்லாம் சொன்னேன். அவர் அசையாமல் கேட்டார். "அங்க யாராச்சும் அவுகளக் கண்ணால பாத்திருக்காகளா?" என்றார்.

அதற்கும் ஒரு வழக்கம் இருந்தது. ஹாலோவீன் இரவில் பேசாமல், இருட்டில், சாப்பாட்டுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தால் நாம் நினைத்தவர் வந்து பின்னால் உட்காருவார் என்று ஒரு பழைய நம்பிக்கை. குரலைத் தாழ்த்தி அதைச் சொன்னேன். வாய் திறக்கவோ திரும்பவோ கூடாது, திரும்பினால் அவர் அப்படியே போய்விடுவார், பிறகு எந்த வருடமும் வரமாட்டார் என்றும் சொன்னேன். அந்தக் கடைசிப் பகுதி நானாகச் சேர்த்தது. கதை நன்றாக இருக்கட்டும் என்றுதான். இசக்கியம்மா எழுந்து, ஸ்வெட்டரைத் திருப்பிப் போட்டார்.

மறுநாள் தீபாவளி. காலையில் எண்ணெய்க் குளியல், இட்லி, கோழிக்குழம்பு. சித்தப்பாவின் பிள்ளைகள் நமுத்துப்போன பட்டாசை அடுப்புத் திண்டில் காயவைத்துக் காயவைத்து வெடித்தார்கள். மதியத்துக்கு மேல் மழை வலுத்து வெடிச்சத்தமும் நின்றது. பிறகு சமையல் தொடங்கியது. பெரிய பானைச் சோறு, கோழி, கருவாடு, அவித்த முட்டை, முறுக்கு. அடுப்புக்கு முன்னால் தலைவாழை இலை போட்டார்கள். சோற்றைக் குவித்து, பக்கத்தில் ஒரு டம்ளர் கட்டன், ஒரு கட்டு பீடி, சித்தப்பா கொண்டுவந்த சின்ன பாட்டில். மனைப்பலகை மேல் வேட்டியும் துண்டும், அதற்கு மேல் ஸ்வெட்டர். அகல் விளக்கு ஒன்று.

இனி உள்ளே யாரும் இருக்கக் கூடாது. செத்தவர்கள் சாப்பிடுகிற நேரத்துக்கு வீடு அவர்களுடையது. முன்கதவைச் சாத்திவிட்டு எல்லோரும் முற்றத்தில் நிற்க வேண்டும். கொஞ்ச நேரம் கழித்துப் பெரியவர் ஒருவர் கைதட்டி, வரலாமா என்று கேட்டுவிட்டுத்தான் திறப்பார். மணிச்சத்தம் ஆகாது என்று எல்லோரும் போனை அணைத்தார்கள். வெளிச்சம் அவர்களுக்கு ஆகாது என்று பின்கொல்லை விளக்கை அணைத்தார்கள். அவர்கள் வருகிற வழி அதுதான் என்று பின்கதவின் தாழ்ப்பாளையும் நீக்கிவைத்தார்கள். அயர்லாந்திலும் இதே தாழ்ப்பாள்தான் என்று நான் உள்ளூரப் பூரித்துப்போனேன். யானைக்கு எதிராக அந்த வீட்டில் இருந்த காவல்களை ஒவ்வொன்றாக நாங்களே எடுத்துவிட்டோம் என்று அங்கிருந்த யாருக்கும் உறைக்கவில்லை. யானைக் குரூப்பில் குடியிருக்கிற வேலு சித்தப்பாவே தன் கையால் போனை அணைத்துச் சட்டைப்பையில் போட்டார்.

முற்றத்தில் சித்தப்பாவும் அவர் மனைவியும் பிள்ளைகளும் அக்கம்பக்கத்தார் சிலரும் நின்றோம். பனி இறங்கி, பக்கத்தில் நிற்பவர் முகமே மங்கியது. இசக்கியம்மா சூடம் காட்டிவிட்டுக் கடைசியாக வெளியே வந்திருப்பார் என்றுதான் எல்லோரும் நினைத்தோம்.

கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. கூரையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. பிறகு உள்ளே பாத்திரம் ஒன்று தரையில் உரசியது.

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. சித்தப்பா இரண்டு கையையும் கூப்பி, "அண்ணே" என்றார், காற்றோடு காற்றாக. உள்ளே இலை இழுபடும் சத்தம். மறுபடி பாத்திரம். அப்புறம் ஒரு மூச்சு, நீளமாக, ஆழமாக. சித்தப்பாவின் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். சத்தியமாகச் சொல்கிறேன், அந்தக் கணத்தில் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. எத்தனையோ வருடமாகக் கதைகளில் நான் தேடிக்கொண்டிருந்தது, ஒரு மரக்கதவுக்கு அந்தப் பக்கம் சோறு தின்றுகொண்டிருந்தது.

இந்தச் சத்தத்தைக் கேட்கும்போது இசக்கியம்மாவின் முகம் எப்படி இருக்கும் என்று பார்க்க நினைத்தேன். பனிக்குள் ஒவ்வொருவராகத் தேடினேன். இல்லை. சித்தப்பாவின் மனைவி காதில் கேட்டேன். அவரும் சுற்றிப் பார்த்தார். சூடம் காட்டினவர் வெளியே வந்ததை யாருமே பார்க்கவில்லை.

முந்தின இரவு நான் சொன்ன கதை அப்போது ஞாபகம் வந்தது.

அம்மா உள்ளே இருக்கிறார் என்று சித்தப்பாவிடம் சொன்னேன். அவர் கூடாது என்று தலையை ஆட்டினார். நடுவில் திறந்தால் குடும்பத்துக்கு ஆகாது, பாதிச் சாப்பாட்டில் எழுப்பினது மாதிரி என்று முணுமுணுத்தார். அப்போதுதான் அந்த வாடை வந்தது. ஈரமண்ணும் சாணியும் கலந்த வாடை. அவர் மூக்கு விரிந்தது. உள்ளே பலகை ஒன்று படீரென்று பிளந்தது. செத்தவர்கள் பலகையைப் பிளப்பதில்லை. சித்தப்பா என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தார்.

"ஆனை" என்றார்.

பிள்ளைகளை யாரோ வாயைப் பொத்தி அடுத்த வீட்டுக்குள் தள்ளிக்கொண்டு போனார்கள். நான் கத்தப் போனேன். சித்தப்பா என் காதோடு வாயை வைத்து, "சத்தம் போட்டா உள்ள பாஞ்சிரும். வெளிச்சம் அடிச்சா மெரண்டு செவுத்தத் தள்ளிரும். மதினி உள்ள இருக்காக. ஒண்ணும் செய்யாத" என்றார். அவர் குரல் நடுங்கியது. தினமும் யானைகளுக்கு நடுவே ஜீப் ஓட்டுகிறவர் நடுங்கினால் மற்றவர்கள் என்ன ஆவது?

நான் முன்கதவைத் தள்ளினேன். துணிச்சல் என்று யாரும் நினைக்க வேண்டாம். கதையைச் சொன்னவள் நான் என்பதால் வெளியே நிற்க முடியவில்லை, அவ்வளவுதான். கதவு வெறுமனே சாத்தித்தான் இருந்தது. சித்தப்பா என் தோளைப் பிடித்தபடி பின்னாலேயே வந்தார்.

முன்னறையின் இருட்டில் நின்று அடுப்பங்கரையைப் பார்த்தோம். அகல் இன்னும் எரிந்தது. பின்கதவு இருந்த இடத்தில் கதவு இல்லை, நிலை பிளந்து தொங்கியது. அதற்கு வெளியே இருட்டைவிடக் கறுப்பாக ஏதோ நின்றது. பாதியில் முடிந்துபோன ஒரு கொம்பு மட்டும் வெள்ளையாகத் தெரிந்தது. அங்கிருந்து தும்பிக்கை நீண்டு வந்து இலையைத் துழாவியது. சோற்றைச் சுருட்டியது, போனது, மறுபடி வந்தது.

இலைக்கு முதுகைக் காட்டி, எங்கள் பக்கம் முகம் வைத்து, தரையில் இசக்கியம்மா உட்கார்ந்திருந்தார். கண் இரண்டும் இறுக மூடியிருந்தது. கைகள் மடியில்.

தும்பிக்கை ஸ்வெட்டரைத் தூக்கியது, கீழே போட்டது. பிறகு நின்றது. மெதுவாக அவர் பக்கம் திரும்பி, பிடரிக்கு மிக அருகில் வந்தது. அதன் மூச்சில் அவருடைய நரைமுடி அசைந்ததைப் பார்த்தேன். அவர் திரும்பவில்லை. உதடுகள் மட்டும் சத்தமில்லாமல் அசைந்துகொண்டே இருந்தன. சாமி கும்பிடுகிறார் என்று நினைத்தேன். என் வாயை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டேன். எனக்குத் தெரிந்த எந்தப் பயத்திலும் அது சேர்த்தி இல்லை. போதும் என்று எழுந்து துவட்டிக்கொள்ள வழியே இல்லை.

தும்பிக்கை பின்வாங்கியபோது அகலைத் தட்டிவிட்டது. இருட்டு. மூலையில் இருந்த அரிசி மூட்டை தரையில் இழுபடுவது கேட்டது. பிறகு தேயிலைச் செடிகள் ஒடியும் சத்தம் சரிவில் இறங்கி இறங்கித் தேய்ந்தது. நாங்கள் அசையவில்லை.

இருட்டுக்குள்ளிருந்து இசக்கியம்மாவின் குரல் வந்தது, சின்னப் பெண்ணின் குரல் மாதிரி. "போயாச்சா தாயி? இனித் திரும்பலாமா?"

சித்தப்பா போனை உயிர்ப்பித்து வெளிச்சம் காட்டினார். இசக்கியம்மா திரும்பினார். கதவில்லாத ஓட்டையையும் நசுங்கிய பானையையும் சேற்றையும் பார்த்தார். உயிர் பெற்ற போனில் அப்போதுதான் எச்சரிக்கைகள் வரிசையாக வந்து விழுந்தன. கடைசி லயத்துக்குப் பின்னால் ஒத்தக்கொம்பன், வெளியே வராதீர்கள் என்று எத்தனையோ பேர் கதறியிருந்தார்கள்.

செய்தி தெரிந்து லயமே கூடியது. அந்தக் கதை மட்டும் இசக்கியம்மாவின் காதில் விழாமல் இருந்திருந்தால் அவர் உள்ளே இருந்திருக்க மாட்டார். அதே கதை சொன்னபடி திரும்பாமலும் வாய் திறக்காமலும் இருந்ததால்தான் பிழைத்தார். இதை எந்தக் கணக்கில் எழுதுவது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. ஆனால் கூடியவர்களுக்குச் சந்தேகமே இல்லை. வந்தது சுப்பையாதான், யானை ரூபத்தில் வந்து பெண்டாட்டியைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார், இல்லாவிட்டால் ஒரு கீறல்கூட இல்லாமல் விட்டுவிட்டுப் போகுமா என்றார்கள். "அண்ணந்தான் மதினி. உங்களப் பாக்காம போவாகளா?" என்று சித்தப்பா அழுதார். ஆறுதலாகத்தான் சொன்னார்கள். ஒவ்வொருவர் சொல்லும்போதும் இசக்கியம்மாவின் முகம் இன்னும் கொஞ்சம் வெளிறியது. சித்தப்பா வீட்டில் படுக்கச் சொன்னார்கள். அவர் சாப்பிடவும் இல்லை, தூங்கவும் இல்லை. ஸ்வெட்டர் கிடந்த இடத்திலேயே கிடந்தது, அவர் அதைத் தொடவில்லை.

காலையில் வனத்துறை வாச்சர் வந்து கொல்லையில் கால்தடத்தை அளந்தார். ஒத்தக்கொம்பன்தான், ரேஷன் கடைக்கு வந்ததும் இதே கால்தான், மூட்டை கீழே செடிகளுக்குள் கிழிந்து கிடக்கிறது என்று சித்தப்பாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார். அடுப்பங்கரையில் சேறு வழித்துக்கொண்டிருந்த இசக்கியம்மா கையை நிறுத்திவிட்டு அதைக் கேட்டார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"நீ கண்ணால பாத்தியா தாயி?"

பார்த்தேன் என்றேன்.

"என்னத்தப் பாத்த?"

எந்த ரூபத்தில் யார் வந்தார்களோ, யாருக்குத் தெரியும் என்று சொல்ல வாயெடுத்தேன். நான் ஆசைப்பட்டுச் சேர்த்துவைத்த கதைகள் எல்லாம் அந்தப் பதிலைத்தான் சொல்லும். ஊரும் அதைத்தான் சொல்லியிருந்தது. ஆனால் அவர் முகத்தில் இரவு பார்த்த அதே பயம் இன்னும் போகாமல் இருந்தது.

"ஒத்தையில போயிட்டாகளே, போகையில என்னையத் தேடுனாகளான்னு ஒரு வார்த்த கேக்கணும்னுதான் உக்காந்தேன்" என்றார். "சோறு திங்கிற சத்தம் கேட்டுச்சு. கழுத்துல மூச்சு பட்டுச்சு. அவுகதான்னே நெனச்சேன். பயந்துட்டேன் தாயி. இத்தன வருசம் கூட வாழ்ந்தவுகளுக்குப் பயந்துட்டேன். போயிருங்க, போயிருங்கன்னு வாய்க்குள்ளயே சொல்லிக்கிட்டு இருந்தேன். ஒரு வாய் சோறு திங்க வந்தவுகள நானே வெரட்டிவிட்டேனே."

அந்த உதடுகள் எதற்கு அசைந்தன என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

"ஆனைதானுங்கம்மா" என்றேன். "ஒரு கொம்பு பாதில ஒடிஞ்சிருந்துச்சு. தும்பிக்க பூராச் சேறு. விடிய விடிய ஊரே சொன்னாலும் வேற ஆரும் வரலீங்க. நான் நேருல பாத்தனுங்க."

"சத்தியமா?"

"சத்தியமாங்க."

"அப்ப நான் போகச் சொன்னது ஆனைய."

"ஆமாங்கம்மா. ஆனையத்தான்."

அவர் சுவரில் சாய்ந்து கண்ணை மூடினார். கண்ணீர் வழிந்தது, துடைக்கவில்லை. பிறகு ஸ்வெட்டரை எடுத்து உதறி, அதன் கையில் காய்ந்திருந்த சேற்றை நகத்தால் சுரண்டினார். படையலில் வைத்த துணியை வீட்டில் இருப்பவர்களில் ஒருவர் உடுத்த வேண்டும் என்பது அவர்கள் வழக்கம். தலைவழியாக மாட்டிக்கொண்டார். அவருக்கு ரொம்பப் பெரிது, கை இரண்டும் உள்ளே காணாமல் போயின. அடுப்பைப் பற்றவைத்து எனக்கு ஒரு கட்டன், அவருக்கு ஒரு கட்டன் போட்டார்.

அவர் முதல் வாய் குடிக்கும்போது என் போன் அடித்தது. பேச்சி. நைட் டியூட்டிக்கு நடுவில் பேசினாள். அங்கே இன்னும் விடியவில்லை, ஹாலோவீன் இரவு தீரவில்லை. சத்தம் வெளியே கேட்கக் கூடாது என்று கிசுகிசுப்பாகக் கேட்டாள். "அப்பா வந்தாகளாடி?"

நான் இசக்கியம்மாவைப் பார்த்தேன். அவர் ஸ்வெட்டரின் கையை மடித்து விட்டுக்கொண்டே, சொல் என்பதுபோல் தலையசைத்தார்.

"வரல பேச்சி" என்றேன். "ஆனைதான் வந்துச்சு."